வால்நட்சத்திரத்தைத் துடைத்தவள்

சென்ற மாதம் இரண்டு வெள்ளை மங்கல்களைப் பார்த்தேன். முதலாவது என் கணவரின் போனில். செவ்வாய் கிரகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு வண்டி, அந்தத் தரையில் நின்றபடியே வானத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தது. எங்கிருந்தோ வந்து, திரும்பி வராமலே போகப் போகிற ஏதோ ஒரு வால்நட்சத்திரமாம். கறுப்பு வானத்துக்கு நடுவில் விரல் பட்டு அழுக்கான மாதிரி ஒரு கறை. "இன்னாது இது, லென்ஸத் தொடைக்காமலே எடுத்துட்டானுங்களா?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்துப் பதினோரு வருடமாக நினைக்கவே கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒருத்தி, அந்தக் கறையிலிருந்து எழுந்து வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டாவது மங்கலை அதற்கு அடுத்த வாரம், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பார்த்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால், நான் ஏன் பஸ்ஸுக்குள் வாயைப் பொத்திக்கொண்டேன் என்று உங்களுக்குப் புரியாது.

அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். மரியாதை எல்லாம் ஒன்றுமில்லை, பயம்தான். எங்காவது இதைப் படித்துத் தொலைத்தால் என்ன செய்வாளோ. எங்கள் இருவருக்கும் ஒரே வயது. என்றாலும் நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை, வாய் தானாக அப்படி வந்துவிட்டது.

திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டி ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று மனிதர்களின் எல்லாக் காரியத்துக்கும் எங்கள் கடையில்தான் பேனர். எழுத்து என்னுடைய வேலை. பெயர்களை அடிப்பேன், பிழை பார்ப்பேன். முகம் அவளுடைய வேலை. வருகிற போட்டோக்களில் பரு, தழும்பு, கருவளையம், பல்லிடுக்கு, வியர்வை எல்லாவற்றையும் அவள் கம்ப்யூட்டரில் துடைத்துவிடுவாள். முண்டும் முடிச்சுமாக வந்த முகங்கள் சாயங்காலத்துக்குள் மாவு பூசின மாதிரி ஆகிவிடும். வேலையில் அவளை ஒரு குறை சொல்ல முடியாது.

மேசையில் எந்நேரமும் ஒரு கவரில் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். உரித்துத் தின்றுகொண்டே வேலை செய்வாள். ஆனால் யாராவது அவளை மட்டமாகப் பேசிவிட்டால், உரிப்பாள், தின்ன மாட்டாள். அந்தப் பருப்பைப் பக்கத்தில் இருக்கும் எவர்சில்வர் டப்பாவில் போடுவாள். சத்தம் போட மாட்டாள், அழ மாட்டாள், முறைக்கக்கூட மாட்டாள். "இருக்கட்டும், வச்சிக்கிறேன்" என்று மட்டும் சொல்லுவாள். அதுவும் ஏதோ கம்ப்யூட்டரில் செய்த வேலையைச் சேமித்து வைக்கிற மாதிரி, அமைதியாக. சாயங்காலம் டப்பாவில் நான்கு பருப்பு கிடந்தால், அன்றைக்கு நான்கு பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ஒரு கட்சிக்காரர் வந்தார். அவர் பிறந்தநாளுக்கு அவரே பேனர் போடுகிறவர். இவளைப் பார்த்து, "பொம்பள கையில மூஞ்சியக் குடுத்தா இப்படித்தான் லேட்டாவும்" என்றார். பருப்பு டப்பாவுக்குள் விழுந்தது. பேனர் ஊரெல்லாம் நின்றது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய காதை மட்டும் அரை விரல்கடை பெரிதாக இழுத்து விட்டிருந்தாள். கட்சிக்காரரே வந்து நின்று அரைமணி நேரம் பார்த்துவிட்டு, "நல்லாதான் கீது, ஆனா இன்னாமோ ஒரு மாரி கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று நான் கழிவறைக்குள் போய்ச் சிரித்தேன்.

என் முறை வந்தபோது சிரிக்கவில்லை. ஒரு துக்க வீட்டு பேனரில் 'கண்ணீர் அஞ்சலி' என்பதற்கு 'தண்ணீர் அஞ்சலி' என்று அடித்துவிட்டேன். வீட்டுக்காரர்கள் வந்து ஆடித் தீர்த்தார்கள். ஓனர் அண்ணன், "யாரு பண்ணது?" என்று கேட்டார். நான் அவள் பக்கம் கையைக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது, பயத்தில் கை போய்விட்டது. அவள் மறுத்துப் பேசவில்லை. ஒரு மல்லாட்டையை உரித்தாள்.

மூன்று வாரம் கழித்து, டூவீலர் லைசென்சுக்கு போட்டோ வேண்டும் என்றேன். "வாடி, நானே எடுக்கிறேன்" என்று ஆசையாக உட்காரவைத்து எடுத்துக் கொடுத்தாள். ஆபீசில் வரிசையில் நின்று என் முறை வந்ததும், அங்கிருந்த ஆள் விண்ணப்பத்தைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அங்க அடையாளம்னு மேலுதட்டுல மச்சம்னு எழுதிக்கீற. போட்டோல மச்சமே காணோமே. இது நீதானாம்மா, இல்ல உன் தங்கச்சியா?" என்றார். பின்னால் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்கு ஓடி வந்தேன். அவள் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். அதற்கு 'வச்சது' என்று பெயர். உள்ளே கட்சிக்காரரின் பழைய காது இருந்தது. யாருடையதோ ஒரு சிங்கப்பல் இருந்தது. ஒரு வெள்ளைப் பக்கத்தின் நடுவில், தனியாக, என் மச்சம் இருந்தது.

"பத்ரமாத்தான் வச்சிக்கிறேன், பயப்படாத" என்றாள்.

"குடுத்துடுக்கா. தப்புதான். நான்தான் தப்பா அடிச்சேன்."

அதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. உடனே மச்சத்தை வைத்து நான்கு காப்பி போட்டுக் கொடுத்தாள். நான் கதவுப் பக்கம் போனதும் பின்னாலிருந்து சொன்னாள்: "அது காப்பிதான்டி. ஒரிஜினல் என்கிட்டதான் கீது."

இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு சார் வந்து மாட்டினார்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கு அவர் தலைமை ஆசிரியர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, சட்டையை இன் பண்ணி இழுத்துக் கட்டின பெல்ட். பள்ளியில் அறிவியல் கண்காட்சி, அதற்கு இருபதடி பேனர் வேண்டும் என்றார். அவர் உள்ளே வந்து முதல் வார்த்தை பேசியதுமே அவள் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். கவரிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார், அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பென் டிரைவில் ஒரு படம் கொண்டு வந்திருந்தார். அந்தச் சமயத்திலும் ஒரு வால்நட்சத்திரம் செவ்வாயை உரசிக்கொண்டு போனது. அங்கே இருந்த வண்டி ஒன்று அதைப் படம் பிடித்தது. படம் முழுக்கப் புள்ளி. சில நட்சத்திரம், சில கேமராவுக்குள் ஏதோ கதிர் விழுந்ததால் வந்த பொட்டு. இவற்றுக்கு நடுவில் ஒரே ஒரு மங்கல் மட்டும்தான் வால்நட்சத்திரம். தலைப்பக்கம் கொஞ்சம் தடிப்பு, இடப்பக்கம் விரலால் இழுத்துவிட்ட மாதிரி மெலிவு.

"பாரும்மா, ஒரே புள்ளி புள்ளியா அசிங்கமா இருக்குது. நீட்டா கிளீன் பண்ணு. மெட்ராஸ்லர்ந்து பெரிய புரொபசர் அம்மா சீஃப் கெஸ்ட்டா வர்றாங்க. ஓரத்துல வட்டம் போட்டு என் போட்டோ வை. கண்ணுக்குக் கீழ கறுப்பா இருக்கறத எடுத்துடு."

"எல்லாத்தையும் கிளீன் பண்ணிடவா சார்?"

"எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான். ஒருவாட்டி சொன்னா புரியாதா? கண்ணு தெரியலன்னா கண்ணாடி போடு."

"சரிங்க சார்" என்றாள் அவள். அவர் போனதும் கையிலிருந்த மல்லாட்டையை உரித்தாள். டப்பாவில் போட்டாள். இன்னொன்று உரித்தாள், போட்டாள். கவர் காலியாகும் வரை உரித்தாள்.

பிறகு அவளே சொன்னாள். அவளுடைய ஊர் பெருமுக்கல் பக்கம். மலைக்குக் கீழே அவர்கள் நிலம். ஒன்பதாவது படிக்கும்போது, முழுப்பரீட்சைக்கு முன்னால், மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்த நாட்கள். பொழுது சாய்ந்து செடியைக் கட்டித் தூக்கும்போது மேற்கே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தாள். அதற்குப் புகை மாதிரி வால் இருந்தது. மூன்று நாள் தொடர்ந்து பார்த்தாள். வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள் வகுப்பில் எழுந்து நின்று சொன்னாள்.

"அப்ப எங்க ஸ்கூல்ல இந்த சார்தான் வாத்தியாரு. பக்கத்துல வந்து, என் தாடையப் புடிச்சித் தூக்கி, கண்ணுக்குள்ள உத்துப் பாத்தாரு. 'கண்ணுல பீளையக் கட்டிக்கினு வந்து வால்நட்சத்திரம் பாத்தேன்னு சொல்லுது பாரு. போயி கண்ணத் தொடச்சிக்கினு வந்து வெளில முட்டி போடு'ன்னாரு. கிளாஸே சிரிச்சிச்சி. அன்னிலர்ந்து எனக்குப் பேரு பீள. பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் பீளதான். சைக்கிள்ல போனா, 'தே பீள போவுது'ன்னு கத்துவானுங்க."

"அப்புறம் பேப்பர்ல வந்திருக்குமேக்கா?"

"ரெண்டு நாள்லயே வந்துச்சு. கட் பண்ணி நோட்டீஸ் போர்டுல ஒட்டினாரு. யாரு? அவருதான். கீழ தன் கையெழுத்த வேற போட்டுக்கினாரு."

அதோடும் முடியவில்லை. பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள். சயின்ஸ் குரூப் கேட்டு அப்பாவோடு போய் நின்றாள். சேர்க்கை மேசையில் இதே சார். "இது அந்தப் பீள பொண்ணு இல்ல? லேப்ல ஆசிட்ட எடுத்து மூஞ்சில ஊத்திக்கும். வரலாறு குரூப்ல போடு" என்று எழுதித் தள்ளிவிட்டார்.

"எங்கப்பா இன்னா பண்ணாரு தெரியுமா? கையெடுத்துக் கும்புட்டு, 'ரொம்ப நன்றிங்க சார்'னுட்டு வந்தாரு. முட்டி போட்டதக்கூட மறந்துட்டேன்டி. அந்தக் கும்பிடுதான் எனக்கு ஆறல."

எனக்கு ரத்தம் கொதித்தது. என் சண்டை இல்லைதான், இருந்தாலும் கொதித்தது. "விடாதக்கா" என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவள் படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தாள். எனக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த வண்டிக்கு ஆறு சக்கரம், மண்ணையும் கல்லையும் பார்க்கத்தான் அனுப்பினார்கள், விடிவதற்கு முன்னால் நின்ற இடத்திலிருந்தே கழுத்தைத் தூக்கி இதை எடுத்தது என்றெல்லாம் சொன்னாள். "கல்லு பாக்கப் போன வண்டிடி. மேல பாத்துட்டு, தே வால்நட்சத்திரம்னு சொல்லுது. உலகமே கை தட்டுது. அத யாரும் முட்டி போடச் சொல்லல." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவள் தலை குனிந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

அப்புறம் வேலையை ஆரம்பித்தாள். பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். பெரிய நட்சத்திரங்களை மட்டும் விட்டாள். கடைசியில் அந்த மங்கலைச் சுற்றிக் கோடு போட்டு, வெட்டி எடுத்து, ஒரு புதுப் பக்கத்தில் ஒட்டினாள். அதற்கு 'பீளை' என்று பெயர் வைத்து, 'வச்சது' ஃபோல்டரில் போட்டாள். "வச்சிக்கிறேன்" என்றாள்.

வால்நட்சத்திரம் இருந்த இடம் இப்போது வெறும் கறுப்பு. அந்தக் கறுப்பைக் காட்டி ஒரு மஞ்சள் அம்புக்குறியும், 'இதோ வால்நட்சத்திரம்!' என்ற எழுத்தும் போட்டது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் ஒரு தடவை ஒளித்துவிட்டேன். மாதிரியை அவருடைய போனுக்கு அனுப்பினோம். 'சூப்பர், நீட்' என்று பதில் வந்தது. தன் போட்டோவைத்தான் பார்த்திருப்பார்.

கண்காட்சியன்று இரண்டு பேரும் உடம்பு சரியில்லை என்று ஓனரிடம் சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினோம். அவள் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி தலை நிறையப் பூ. நான் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தாள்.

பள்ளி அரங்கத்தின் ஒரு சுவர் முழுக்க எங்கள் பேனர். சுவருக்கும் பேனருக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி விட்டுக் கம்பு கட்டி நிறுத்தியிருந்தார்கள். பெற்றோர் கூட்டம். புரொபசர் அம்மா மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு முன்னால் நின்றார். சார் ஒரு நீளக் குச்சியை எடுத்துக்கொண்டார்.

"செவ்வாய் கிரகத்தின் தரையிலிருந்து எடுக்கப்பட்ட அபூர்வமான படம் இது. இதோ பாருங்கள், இது தலை. இது வால். உற்றுப் பார்த்தால்தான் தெரியும்."

குச்சி வெறும் கறுப்பில் வட்டம் போட்டது. பெற்றோர்கள் தலையாட்டினார்கள். ஒரு அப்பா போனில் படம் எடுத்து, "நல்லா தெரியுது சார்" என்றார். எனக்கு வயிறு குலுங்கியது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். இல்லாத ஒன்றைக் கண்டேன் என்று ஊருக்கு நடுவில் நின்று சொல்லுகிறார். எதை இவள் செய்ததாகச் சொல்லி முட்டி போட வைத்தாரோ, அதையே தன் வாயால் செய்கிறார். அவளைத் திரும்பிப் பார்த்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். கண் மட்டும் அப்படி மின்னியது. அவளை அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை.

அப்போது பேனருக்குப் பக்கத்தில் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்ற ஒரு பெண் வாயைத் திறந்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பாள். இரட்டைச் சடை.

"சார், அங்க ஒண்ணுமே இல்லியே சார்."

அந்தப் பெண் அம்புக்குறி முனைக்குக் கிட்டே போய் விரலை வைத்துக் காட்டினாள். "வெறும் கறுப்பாத்தான் சார் கீது."

சார் சிரித்துக்கொண்டே அவளிடம் போனார். குனிந்து, தாடையைப் பிடித்துத் தூக்கினார். "கண்ணுல பீளைய வச்சிக்கினு பாத்தா எப்படித் தெரியும்? போயி தொடச்சிக்கினு வா. பேனருக்குப் பின்னாடி போயி முட்டி போடு, அப்பத் தெரியும்" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் பின்னால் போனாள். பேனர் தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது. அந்த இடைவெளியில் இரண்டு முட்டிகள் வந்து தரையில் பதிந்தது எனக்குத் தெரிந்தது.

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் அந்த முட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் கையில் தன் கைப்பையைக் கொடுத்தாள்.

"போவாதக்கா. நாமதான்னு தெரிஞ்சா வேல போயிடும்."

"தெரியும்டி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பட்டுப்புடவை சரசரக்க நேரே புரொபசர் அம்மா முன்னால் போய் நின்றாள்.

"அந்தப் பொண்ணு சொல்றதுதாங்க நெசம். அங்க ஒண்ணுமில்ல. வால்நட்சத்திரத்தத் தொடச்சது நான்தான். சார்தான் எல்லாத்தையும் கிளீன் பண்ணச் சொன்னாரு. இன்னொருவாட்டி கேட்டுட்டுதான் தொடச்சேன்."

புரொபசர் அம்மா பேனருக்குக் கிட்டே போனார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். "ஆமா சார், இங்க ஒண்ணுமே இல்லியே. நீங்க எதக் காட்டினீங்க?" என்றார். சாரின் குச்சி காற்றில் நின்றது. இதுவரை தலையாட்டின பெற்றோர்கள் எல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'நல்லா தெரியுது' என்ற அப்பா போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"யாரும்மா நீ?" என்றார் சார்.

அவள் அவருடைய முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். பாருங்க, நல்லாப் பாருங்க என்பது போல நின்றாள். அவர் பார்த்தார். எதுவும் ஞாபகம் வரவில்லை, எனக்கே அது தெரிந்தது.

"ஃப்ளெக்ஸ் கடை சார்" என்றாள். "அந்தப் பொண்ண எழுப்புங்க. கண்ணு நல்லாதான் இருக்குதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

புரொபசர் அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. அந்தப் பெண் முட்டியைத் தட்டிக்கொண்டே வெளியே வந்ததும், "உன் கண்ணு நல்லாதான்மா இருக்குது. நான்தான் சரியா பாக்கல" என்று முனகினார். "சத்தமா சார்" என்றாள் இவள். அவர் சத்தமாகச் சொன்னார். அந்தக் குரலில் இருந்த நடுக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இனிக்கிறது. இதற்கு வெட்கப்பட வேண்டும், வெட்கம் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஜெயிச்சிட்டக்கா. ஊர் முன்னாடி சொல்ல வச்சிட்ட."

"அது அந்தப் பொண்ணுக்குச் சொன்னது" என்றாள். "எனக்கு இன்னும் சொல்லல. நான் யாருன்னே அந்த ஆளுக்குத் தெரியல. இருக்கட்டும், வச்சிக்கிறேன்." தலையிலிருந்த பூவை எடுத்து என் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் நாங்கள் கடைக்குப் போவதற்கு முன்னாலேயே பள்ளியிலிருந்து போன் வந்துவிட்டிருந்தது. ஓனர் அண்ணன் கடை வாசலிலேயே நின்றார். "பேஜாரு புடிச்ச வேல பண்ணி வச்சிக்கீறீங்க. ஜல்தியா சொல்லுங்க, ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். அம்புக்குறி போட்டது நான். 'இதோ வால்நட்சத்திரம்!' என்று ஆச்சரியக்குறியோடு அடித்தது நான். விடாதக்கா என்று ஏற்றிவிட்டது நான்.

"எனக்குத் தெரியாதுண்ணே. நான் எழுத்து மட்டும்தான் போட்டேன்" என்றேன்.

அவள் மறுத்துப் பேசவில்லை. தன் மேசைக்குப் போய்க் கம்ப்யூட்டரிலிருந்து எதையோ பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாள். எவர்சில்வர் டப்பாவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். போகும்போது என் மேசை முன்னால் நின்று ஒரு மல்லாட்டையை உரித்தாள். பருப்பை என் கீபோர்டின் மேல் வைத்தாள்.

"இருக்கட்டும்" என்றாள். வழக்கமாகச் சொல்லும் அடுத்த வார்த்தையைச் சொல்லவில்லை. அதன் பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை.

அந்த ஞாயிறு எங்கள் மாதா கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது சொன்னேன். வேலையிடத்தில் பொய் சொன்னேன், அதனால் ஒருத்திக்கு வேலை போய்விட்டது என்றேன். ஃபாதர் ஜெபம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. "போய் அவங்ககிட்ட மன்னிப்புக் கேளும்மா" என்றார். அதைத் தவிர வேறு எது சொல்லியிருந்தாலும் செய்திருப்பேன். பெருமுக்கல் எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். பொம்மையார்பாளையம் கடற்கரைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பெருமுக்கலுக்கு மட்டும் போகவில்லை. முதலில் நாளைக்கு என்று இருந்தேன், பிறகு அடுத்த வாரம் என்று இருந்தேன், அப்புறம் மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன். விழுப்புரத்தில் ஏதோ ஒரு பிரிண்டிங் கடையில் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை.

இப்போது அந்த இரண்டாவது மங்கல்.

சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வருவதற்குள் பஸ் நெரிசலில் நின்றது. ஜன்னலுக்கு நேராக ஒரு பெரிய பேனர். 'கண்ணீர் அஞ்சலி.' முன்னாள் மாணவர்கள் வைத்தது. நடுவில் அந்த சார். வெள்ளைச் சட்டை, இரண்டு பேனா. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, கருவளையம் இல்லை. மாவு பூசின மாதிரி வழவழவென்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வழவழப்பைப் பார்த்ததுமே எனக்கு யார் கை என்று தெரிந்துவிட்டது.

பக்கத்து சீட்டு அம்மாவும் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார். "அய்ய, வாத்தியாரு கண்ணுல இன்னாமோ ஒட்டிக்கினு கீது பாரும்மா. பீள மாரி இருக்குதே. தொடச்சிட்டு போட்டோ புடிச்சிருக்கக் கூடாதா?"

ஆமாம். இடது கண்ணின் ஓரத்தில், மூக்கை ஒட்டி, வெள்ளையாக ஒரு மங்கல். தலைப்பக்கம் கொஞ்சம் தடிப்பு. இடப்பக்கம் விரலால் இழுத்துவிட்ட மாதிரி மெலிவு. செவ்வாய் கிரகத்துத் தரையில் நின்று ஒரு வண்டி கழுத்தைத் தூக்கிப் பிடித்த வால்நட்சத்திரம், இத்தனை வருடம் ஃபோல்டருக்குள் காத்திருந்து, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. செத்த மனிதர் அவர், மன்னிக்க வேண்டும்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தேன். அந்த அம்மா நான் அழுவதாக நினைத்து, "உனுக்கும் வாத்தியாராம்மா?" என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்.

பஸ் நகர்ந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது. கை தானாக மேலுதட்டுக்குப் போயிற்று. அவள் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. என் மச்சமும் அவளிடம்தான் இருக்கிறது.